துவரும் கல்லும் காவியும்

காவி என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே அன்பர்களுக்குத் துறவியர் ஆடை நினைவிற்கு வரும். அதனையடுத்துத் திருக்கோயில் மதிலிலே வெள்ளைப் பட்டையோடு மாறி மாறி நிற்கும் செம்பட்டை நினைவிற்கு வரும். இச்செம்மையைக் குறிக்கத் துவர் என்றும் கல் என்றும் நம் முன்னோர் வழங்கிய சொற்கள் இரண்டு உள. அவை காவியோடு கலந்த வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதலிற் காவியைப் பற்றி ஒரு சொல். செய்யுளிலே 'காவியங்கண்' என வருமிடத்துச் செந்நிறம் கொள்வார் பெரிதும் இடர்ப்படுவர். ஆங்குக் காவி என்பது கருங்குவளை மலர். ஒரே ஒலியுடைய சொல் கருநீலத்திற்கும் செம்மைக்கும் நிற்றலின் இடம் நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும். செம்மண்கல்லைக் குறிக்கும் காவி கன்னடத்திலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் உண்டு. பலகால் துவைத்த வெள்வேட்டி 'காவியேறிற்று' என்றும், வெற்றிலை மெல்லுவார் பல்லில் 'காவி பிடித்தது' என்றும் மக்கள் வழங்குவர். வந்து பற்றிய பின் எளிதில் நீங்காத கறை என்பது இவ்வழக்குகளில் உள்ளடங்கிய கருத்தாம்.

இனித் துவர். இஃது அறுசுவையுள் ஒன்று. கடுக்காயை மென்றார் அறிவர். அதுவே செந்நிறத்தையும் உணர்த்தும். துவர்வாய், துவரிதழ் என்பன சிவந்த வாயையும் இதழையும் குறிப்பன. பவளத்திற்கும் துவர் என்னும் பெயர் உண்டு. சுவைக்கும் நிறத்திற்கும் ஒரு பெயர் வந்தது எங்ஙனம்? சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி தன் கூந்தலை நீராட்டுதற்கு ஊறவைத்த பொருள்களுள் பத்துத் துவர் பேசப்படுகின்றது. நாவல், ஆல், அரசு, கருங்காலி, கடு, நெல்லி, தான்றி முதலாயின அவை. இம்மரங்களின் பட்டையும் காயும் நாவிற்குத் துவர்ப்பன. நீரிலிட்டுக் காய்ச்சினால் செந்நிறச் சாறு தருவன. அச்சாறு துணியிற் பற்றினால் எளிதிற் போகாது. சுவையும் சாயமும் ஒரு பட்டையிலிருந்தே பிறத்தலின் பெயரும் ஒன்றாயிற்று என்பதே எம் துணிபு.

இதற்கு வடமொழியும் சான்று பகர்கின்றது. அம்மொழியிற் கஷாயம் என்பது துவர்ப்புச் சுவை. மருந்துக் குடிநீரும் அதுவே. அதிலிருந்து பிறந்த காஷாயம் துறவியின் ஆடை. சமணர் வெகுளி, செருக்கு, வஞ்சம், உலோபம் என்னும் நான்கினையும் கஷாயம் என்றே அழைப்பர். உயிரிற் பற்றிய கறை என்பது கருத்து. பாலி மொழித் தம்மபதமும் மனக்கறை நீங்காதவன் கறையாடைக்கு உரியனல்லன் என்று இச்சொல்லை வைத்தே சிலேடையாக அறிவுறுத்துகின்றது. பௌத்த விநய நூல் துறவியர் ஆடைக்கு வேர், மரம், பட்டை, இலை, பூ, காய் என்னும் ஆறின் சாயங்களை விதித்தது. ஆகலின் துவராடை என்பது தொடக்கத்தில் மரச்சாயம் ஏற்றிய ஆடையே.

கல்லிலே தோய்த்த ஆடை வேறு. பத்துப்பாட்டுள் நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டில், பாசறை வீரர் வில்லை ஊன்றித் தூணியைத் தொங்கவிட்ட தோற்றத்திற்கு, முக்கோலில் ஆடையை இட்டுவைத்த அந்தணத் துறவி உவமையாகின்றான். அவன் ஆடையைப் புலவர் கல்லில் தோய்த்தது என்றே கூறினார். அக்கல் காவிக்கல் என்பது உரை. காவிக்கல்லென விரித்துரையாது கல் என்ற அளவிலே கேட்போர்க்கு விளங்கிற்றெனின், அவ்வழக்கு அக்காலத்திலேயே எத்துணைப் பழகியதாயிருத்தல் வேண்டும்! கல்லாடை என்னும் சொல்லும் இதுபற்றி எழுந்ததே. மலையிற் பிறப்பது என்னும் பொருள்படக் கைரிகம் என்று வடநூலார் கூறுவதும் இக்கல்லையே.

மடத்திற் பாடம் கேட்ட நாளில் தம்பிரான்கள் இக்கல்லை உரைத்து நீரிற் கரைத்து, அடியிற் படிந்த மணலை நீக்கித் துணி தோய்த்ததை யாம் பலகால் கண்டதுண்டு. கல்லின் நிறம் நூலின்மேற் படிவதேயன்றி மரச்சாயம் போல ஊடுருவி நில்லாது. துவைக்குந்தோறும் சிறிது கழியும். மீண்டும் தோய்த்தல் வேண்டும்.

திருஞானசம்பந்தப் பெருமான் தம் பதிகங்களின் பத்தாம் பாடலிற் புறச்சமயத்தாரைக் குறிக்குமிடத்துப் பௌத்தரைத் துவராடையால் அடையாளங் காட்டுவார். இதனைக் கொண்டு செவ்வாடை சைவத்திற்குப் புறம்பு எனக் கூறுவாரும் உளர். அது பொருந்தாது. முக்கோல் அந்தணனுக்கும் உரியதாயிருந்த அந்நிறத்தையே நம் ஆதீனத்துத் துறவியரும் உடுக்கின்றனர். மறுத்தது கொள்கையையன்றி நிறத்தையன்று. சைவர்க்குத் திருநீறும் கண்டிகையும் ஐந்தெழுத்துமே சாதனம். காவி துறவுக்குப் பொது.

நாளடைவில் துவர் செய்யுளளவில் நின்றது. காவியே இரண்டிற்கும் பெயராயிற்று.

காவிக்கல் இரும்பும் உயிர்வளியும் கூடிய சேர்க்கை மண்ணோடு கலந்தது. மஞ்சள் மண்ணைச் சுட்டாலும் இச்செம்மை பிறக்கும். வெயிலுக்கு இது வெளிறுவதில்லை. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறைகளில் தொல்பழங்கால மாந்தர் தீட்டிய செவ்வோவியங்கள் இன்றும் உள. தஞ்சைப் பெரிய கோயிலில் 1931-இல் வெளிப்பட்ட சோழர் கால ஓவியங்களிலும் இச்செம்மண் வண்ணம் உண்டு. சுந்தரர் கயிலை செல்லும் காட்சி அவ்வோவியங்களுள் ஒன்று. சித்த மருத்துவர் பூங்காவிச் செந்தூரம் செய்வர். கொங்கண நாட்டுக் கோயிற் சுவர்களிற் காவிப் பூச்சைக் கீறி, உள்ளிருக்கும் சுண்ண வெண்மை தோன்ற உருவம் வரைவதோர் அழகிய கலை.

நம் மதிற் பட்டைகளுள் வெண்மையைச் சிவமாகவும் செம்மையைச் சத்தியாகவும் பெரியோர் காண்பர். பெண்டிர் கோலத்தைச் சுற்றிக் காவி இடுவதும் இம்மரபைச் சார்ந்ததே. இவ்விரு நிறமும் சுண்ணாம்பாலும் காவியாலும் அமைந்த வரையில் சுவரின் ஈரம் வெளியேற இடமிருந்தது. அண்மைக் காலத்தே திருப்பணிதோறும் எண்ணெய்ப் பூச்சுக்களைப் பூசுகின்றனர். அவை சுவரின் வாயை அடைத்துவிடுகின்றன; உள்ளே நின்ற ஈரம் காரையைப் பொருக்காக உதிர்க்கின்றது. பளபளப்பைக் கண்டு உபயதாரர் மகிழ்கின்றனர். சில மழை கழிந்த பின் அச்சுவரை வந்து பார்ப்பார் எத்துணைப் பேர்?

காவி மழையிற் கரையுமே என்பர். கரைந்தால் மீண்டும் பூசுதல் எளிது. ஏறிய எண்ணெய்ப் பூச்சை உரிப்பதோ கல்லுக்கே ஊறு. ஒன்று கருதுக: கல்வெட்டுள்ள சுவரிற் சுண்ணாம்பும் ஆகாது, காவியும் ஆகாது; எழுத்துத் தூர்ந்துவிடும். மதிலுக்கு மட்டும் சுண்ணாம்பும் காவியும் வேண்டுமென்று, வண்ணத்திற்குப் பொருள் வழங்கும் அன்பர்கள் வேலை தொடங்குமுன் கொத்தனாரிடமும் திருப்பணிக் குழுவினரிடமும் தெளிவாகக் கூறிவிடுதல் நலம்.