இசை நாடக நடிகரிடையே போட்டியும் புகழும்: ஒரு சமூகவியல் நோக்கு

1

தமிழ் நாடக வரலாறு பெரும்பாலும் தனிமனிதர் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நடிகரது குரல்வளம், அவர் பெற்ற பட்டங்கள், சமகாலத்தவர் ஒருவரோடு அவருக்கிருந்த போட்டி, கடைசிக் காலத்தில் அவர் எய்திய துயரம் என்னும் ஒழுங்கிலேயே இவ்வரலாறுகள் அமைவதைக் காணலாம். போட்டிக்குக் காரணம் பொறாமை என்றும், வீழ்ச்சிக்குக் காரணம் விதி அல்லது தீயபழக்கம் என்றும் கூறி அவை அமைதி கண்டுவிடுகின்றன. ஒரே காலப்பகுதியில், ஒரே கலைவடிவத்தில், இத்துணைப் பேர் ஒரே விதமாக மோதியதும் ஒரே விதமாக வீழ்ந்ததும் ஏன் என்ற வினா அங்கு எழுப்பப்படுவதில்லை. குணவியல்புகளைக் கொண்டு அதற்கு விடை காண்பது அரிது. அக்கலைவடிவம் இயங்கிய பொருளாதார அமைப்பையும் அதனைச் சூழ்ந்திருந்த சமூக அமைப்பையும் நோக்குதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் விளங்கிய இசை நாடக நடிகர் சிலரது வாழ்வை ஆதாரமாகக் கொண்டு அவ்வாறு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

தமிழகத்தில் ஸ்பெஷல் நாடகம் என்றும், ஈழத்தில் இசை நாடகம், கொட்டகைக் கூத்து என்றும் வழங்கும் அரங்க வடிவத்துக்கு உரிய பனுவல்களுட் பெரும்பாலானவற்றை ஆக்கியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) ஆவார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்கள் தென்தமிழகத்து நடிகர் யாவர்க்கும் மனப்பாடமாயிருந்தன. பாடம் பொதுவாயிருந்தமையால் குழு என்பதே அவசியமற்றதாயிற்று. ஓர் ஊரிலிருந்து ராஜபார்ட்டும், இன்னோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட்டும், வேறோர் ஊரிலிருந்து ஆர்மோனியக்காரரும் வந்து சேர்வர். ஒத்திகை எதுவுமின்றி அன்றிரவே நாடகம் நடைபெறும். விடிந்ததும் அவரவர் கூலியைப் பெற்றுக்கொண்டு பிரிந்து செல்வர். இவர்களை ஒன்றுகூட்டியவர் காண்ட்ராக்டர் எனப்பட்ட ஒப்பந்தக்காரர்.

இவ்வமைப்பில் நடிகனுக்கு உரிய மூலதனம் அவனது பெயர் ஒன்றே. நிலம் இல்லை, மாதச் சம்பளம் இல்லை, ஆதரிக்கும் சபை இல்லை. ஓரிரவுக்கு அவன் பெறும் தொகையை நிர்ணயித்தது சுவரொட்டியில் அவன் பெயர் பெறும் இடமாகும். அந்த இடமோ முந்திய இரவில் அவன் எதிர்நடிகரை எவ்வாறு சமாளித்தான் என்பதைப் பொறுத்தது. ஆகவே போட்டி இவ்வரங்கினுள் வெளியிலிருந்து வந்து புகுந்ததன்று. தொழிலமைப்பே அதனைத் தோற்றுவித்தது.

நாடகப் பனுவலும் இதற்கு இடமளித்தது. வள்ளிக்கும் நாரதருக்கும், அல்லிக்கும் அருச்சுனனுக்கும், சாவித்திரிக்கும் இயமனுக்கும் இடையே நிகழும் தர்க்கங்களே இந்நாடகங்களின் உயிர்நிலை. பாத்திரங்களின் தர்க்கம் எந்தக் கணத்திலும் நடிகரின் தர்க்கமாக மாறக்கூடியது. மனப்பாடமான பாட்டு முடிந்தபின், எதிரி எதிர்பாராத கேள்வியொன்றை வீசுவதும், எட்டமுடியாத சுருதியில் பாட்டை எடுப்பதும் வழக்கமாயின. ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நான்கரை, ஐந்து கட்டைச் சுருதியில் பாடவேண்டியிருந்தது. இதனைத் தாங்கும் தொண்டை சிலருக்கே வாய்த்தது. வாய்த்தவர்க்கும் நெடுங்காலம் நிலைக்கவில்லை.

இப்போட்டியின் கேட்டினைச் சங்கரதாஸ் சுவாமிகளே உணர்ந்திருந்தார் எனலாம். வயதுவந்த நடிகரிடையே கட்டுப்பாட்டைக் காணமுடியாத நிலையிலேயே அவர் சிறுவர்களைக் கொண்ட குழுக்களின் பக்கம் திரும்பினார். 1918 இல் மதுரையில் அமைந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அத்தகையது. டி. கே. எஸ். சகோதரர்கள் அங்குதான் பயிற்சி பெற்றனர். ஆயின் பால சபையும் நடிகனது நிலையின்மைக்குத் தீர்வாகவில்லை. மீசை அரும்பிக் குரல் உடைந்ததும் சிறுவன் வெளியேறவேண்டியவனானான். வெளியே அவனுக்குக் காத்திருந்தது அதே ஸ்பெஷல் நாடக மேடைதான்.

3

எஸ். ஜி. கிட்டப்பாவும் (1906 - 1933) கே. பி. சுந்தராம்பாளும் (1908 - 1980) இவ்வமைப்பின் உச்சநிலையைக் குறிப்பவர்கள். அவர்கள் முதன்முதல் ஒரே மேடையில் தோன்றியது இலங்கையில், கொழும்பு நகரில் என்பது ஈழத்து நாடக வரலாற்றாய்வாளர் மனங்கொள்ளவேண்டிய செய்தியாகும். 1920களின் நடுப்பகுதியில் சுந்தராம்பாள் கொழும்பில் ஏற்கனவே பெரும் புகழ் பெற்றிருந்தார். கன்னையா கம்பெனியின் தசாவதாரம் முதலிய நாடகங்கள் வாயிலாகக் கிட்டப்பாவும் ஒப்பற்ற பாடகராகக் கருதப்பட்டார். இருவரையும் ஒரே மேடையில் ஏற்றுவது ஒப்பந்தக்காரருக்கு இலாபம் தரும் முயற்சி. யார் யாரை வெல்வர் என்று காணவே சனங்கள் திரண்டனர். எதிர்பார்க்கப்பட்ட மோதல் ஈற்றில் இணைப்பாக முடிந்தது. 1927 இல் இருவரும் மணந்துகொண்டனர்.

இம்மணம் ஒரு காதற்கதையாகவே பல இடங்களிலும் கூறப்பட்டு வந்துள்ளது. கிட்டப்பா செங்கோட்டைப் பிராமணர், முன்னரே மணமானவர். சுந்தராம்பாள் கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்து, சிறுமிப் பருவத்திலேயே பாடிப் பிழைக்க நேர்ந்தவர். மேடையிற் சமமாக நின்ற இருவரும் மேடைக்கு வெளியே சமமானவர்களாயிருக்கவில்லை. பிரிவும் மனவேதனையும் மிகுந்ததாகவே அவ்வாழ்வு அமைந்தது. 1933 டிசம்பர் 2 ஆம் நாள் கிட்டப்பா தம் 27 ஆவது வயதில் மறைந்தார். பேசும்படக் காலம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தும் அவர் திரையில் தோன்றவில்லை. அவரது கலையில் நமக்கு எஞ்சியிருப்பவை சில இசைத்தட்டுக்களே. மேடையில் விடியும்வரை விரிந்த பாட்டைச் சில நிமிட நேரத் தட்டுக்குள் அடக்கிய அப்பதிவுகளைக் கொண்டு அவரது அரங்காற்றலை முழுமையாக மதிப்பிடுதல் இயலாது.

சுந்தராம்பாள் அதன்பின் 46 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். வெண்ணிற ஆடை பூண்டு, ஆடவருக்கு இணையாக நடிப்பதில்லை என்ற உறுதியோடு அவர் நடத்திய கலைவாழ்வு தனித்து ஆராயத்தக்கது. 1935 இல் வெளிவந்த நந்தனார் படத்தில் நந்தன் வேடத்தையே அவர் ஏற்றார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபா. அக்காலத்தில் எந்த நடிகரும் கண்டிராத தொகை அது. ஆயினும் அப்படம் விமரிசகரின் பாராட்டைப் பெறவில்லை. பின்னர் 1951 இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1953 இல் ஔவையார் அவருக்குப் பெருவெற்றியைத் தந்தது. காதலியாகவோ மனைவியாகவோ தோன்றமுடியாத பெண்ணுக்குத் தமிழ்த்திரை விட்டுவைத்த இடம் அடியாரினதும் மூதாட்டியினதும் வேடங்களே. அந்த இடத்தை அவர் தம் குரலால் நிரப்பினார் என்பது அவரது பெருமை; அவ்விடம் அத்துணைக் குறுகியதாயிருந்தமை அச்சமூகத்தின் இயல்பு.

4

போட்டியைத் தீமையாக மட்டும் நோக்குவோர் எஸ். எஸ். விஸ்வநாததாஸின் (1886 - 1940) வரலாற்றைக் கருதுதல் நன்று. சிவகாசியில் மருத்துவர் குலத்தில் பிறந்த இவர் முருகன் வேடத்தில் பெரும்புகழ் பெற்றவர். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோர் இயற்றிய தேசியப் பாடல்களைப் புராண நாடகங்களுள் புகுத்திப் பாடி, மேடையிலிருந்தே பலமுறை சிறைசென்றவர். ஆனால் அவரது சாதியைக் காரணங்காட்டி அவரோடு இணைந்து நடிக்க மறுத்த நடிகர் பலர் இருந்தனர். முருகனாக அவர் மயில்மீது தோன்றியபோது கைகூப்பிய சமூகமே, வேடம் கலைந்ததும் அவரை விலக்கி வைத்தது.

போட்டியிடுவதற்கும் ஒரு தகுதி வேண்டும். அத்தகுதியைச் சாதியே வழங்கியது. எதிரே நின்று தர்க்கம் புரிபவன், தோற்றாலும் வென்றாலும், எதிரியைத் தனக்குச் சமமானவனாக ஒப்புக்கொண்டவனாகிறான். விஸ்வநாததாஸுக்கு மறுக்கப்பட்டது அந்த ஒப்புதலே. கிட்டப்பாவுக்கும் சுந்தராம்பாளுக்கும் கிடைத்த போட்டி ஒருவகைச் சலுகை என்பது இவரது வாழ்வோடு ஒப்பிடும்போதுதான் புலனாகின்றது. கடன்சுமை நீங்காத நிலையிலேயே, 1940 டிசம்பர் 31 ஆம் நாள், சென்னையில் வள்ளி திருமண நாடகத்தில் முருகனாக மயிலாசனத்தில் அமர்ந்திருந்தபோது அவர் உயிர்நீத்தார்.

பெண் கலைஞரின் நிலையும் இதனோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது. கும்பகோணத்துப் பாலாமணி அம்மையார் பெண்களையே கொண்ட குழுவொன்றைத் தாமே நடத்தியவர். அவரது நாடகத்தைக் காண்போருக்கென இரயிலே இயங்கியது என்பர். கம்பெனியின் சொந்தக்காரியாயிருந்த இவரும் முதுமையில் வறுமையுற்றே மறைந்தார். புகழைச் சொத்தாக மாற்றி நிலைநிறுத்தும் வழி அவருக்கும் திறந்திருக்கவில்லை.

5

1931 இல் காளிதாஸ் வெளியானதும் போட்டியின் களம் மாறியது. மேடையிலிருந்து திரைக்குச் சென்ற எம். கே. தியாகராஜ பாகவதரும் (1910 - 1959) பி. யு. சின்னப்பாவும் (1916 - 1951) இரு பெரும் இரசிகர் கூட்டங்களின் தலைவர்களாயினர். பாகவதரின் பவளக்கொடி 1934 இல் மேடையிலிருந்து அவ்வாறே திரைக்கு வந்தது. உத்தமபுத்திரன் (1940), கண்ணகி (1942) முதலிய படங்கள் சின்னப்பாவை அவருக்கு நிகராக்கின. ஆயின் இப்போட்டி மேடைப் போட்டியினின்றும் அடிப்படையில் வேறுபட்டது. ஒருவரையொருவர் எதிர்கொண்டு பாடவேண்டிய தேவை இங்கு இல்லை. நடிகரின் போட்டி இரசிகரின் போட்டியாக மாறிற்று. அதன் இலாபம் தயாரிப்பாளரையும் கொட்டகை முதலாளியையும் சேர்ந்தது.

இம்மாற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது ஹரிதாஸ் படத்தின் வரலாறு. 1944 தீபாவளிக்கு வெளியான அப்படம் சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவ்வாண்டு டிசம்பரில் இலட்சுமிகாந்தன் கொலைவழக்கில் பாகவதர் கைதானார். 1945 இல் தண்டனை பெற்று, பிரிவி கவுன்சில்வரை சென்ற முறையீட்டின் பயனாக 1947 ஏப்ரலில் விடுதலையானார். அவர் சிறையிலிருந்த காலத்தில் சனங்கள் அவர் பாட்டைக் கேட்கக் காசு கொடுத்துக்கொண்டேயிருந்தனர். மேடை நடிகன் சிறைப்பட்டால் அவனது நாடகமும் நின்றுவிடும். திரையிலோ புகழ் ஓரிடத்திலும் அதற்குரியவன் வேறிடத்திலும் இருக்க முடிந்தது. கலைஞனது உழைப்பு அவனிடமிருந்து பிரிந்து சரக்காகி, அவனின்றியே விலைபோகும் நிலை இது.

விடுதலையின்பின் பாகவதர் நடித்த ராஜமுக்தி (1948), அமரகவி (1952) முதலியன எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. சிறைவாசமே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறுவர். அது பகுதி உண்மையே. பின்னணிப் பாடல் முறை நிலைபெற்றபின் ஒருவர் நடிக்க இன்னொருவர் பாடுதல் இயல்பாகிவிட்டது. 1952 இல் வெளியான பராசக்தி, பாட்டு வகித்த இடத்தை வசனம் கைப்பற்றியதை உணர்த்திற்று. பாகவதரின் பாடும்முறையைப் பின்பற்றித் தொடங்கிய டி. எம். சௌந்தரராஜன் பிறருக்காகப் பாடிப் புகழ்பெற்றார். பாடும் நடிகன் என்னும் தொழிலே மறைந்துகொண்டிருந்தது. 1951 இல் 35 வயதில் இறந்த சின்னப்பா அம்மறைவை முழுமையாகக் காணவில்லை, பாகவதர் கண்டார். அவர் 1959 நவம்பர் 1 ஆம் நாள் காலமானபின் அவரது கடைசிப் படமாகிய சிவகாமி 1960 இல் வெளியாயிற்று.

6

தமிழகத்தில் இவ்வாறு சிதறிய மரபு ஈழத்தில் வேறொரு வடிவில் தொடர்ந்தது. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924 - 1989) வசந்த கான சபை என்னும் நிலையான குழுவோடு, கோயில் வீதிகளிலும் கிராமத்து மேடைகளிலும் அரிச்சந்திர மயான காண்டத்தைப் பல்லாண்டு காலம் ஆடிவந்தார். ஒரே குழுவினர் ஒருவரையொருவர் அறிந்து நடித்தமையால் தர்க்கம் பாத்திரத்தைவிட்டு வழுவவேண்டிய அவசியம் குறைந்தது. ஊர்ச் சனங்கள் ஒரே நாடகத்தை மீண்டும் மீண்டும் கண்டனர். அவரது புகழ் சுவரொட்டியைவிட அவர்களது நினைவையே பெரிதும் நம்பியிருந்தது. போட்டியின் கடுமை கலைஞரது இயல்பால் விளைந்ததன்று, அமைப்பால் விளைந்தது என்னும் எமது கருத்துக்கு இஃது ஆதரவாகின்றது.

இங்கு நாம் கூறியவை யாவும் பெயர்பெற்றவரைப் பற்றியனவே. ஐந்து கட்டைச் சுருதிக்கு ஈடுகொடுத்த ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், பபூன் வேடதாரி, விஸ்வநாததாஸோடு நடிக்க ஒப்பிய பெண்கள் ஆகியோர் ஒவ்வோர் இரவும் பெற்ற கூலியையும், மேடை கைவிட்டபின் அவர்கள் வாழ்ந்த வகையையும் ஆராயும்போதே இசை நாடகத்தின் சமூக வரலாறு முழுமை பெறும். புகழ் பெற்றவரது ஏமாற்றமாவது ஏட்டிலே பதிவாயிற்று. இவர்களுக்கோ அதுவும் வாய்க்கவில்லை.