சன்டவுனர்: ஒரு முதிய தம்பதியரின் படகு



ஆஸ்திரேலியாவில் 'சன்டவுனர்' என்றொரு சொல் உண்டு. வேலை நேரம் முடிந்து, பொழுது சாயும் வேளை பார்த்துப் பண்ணை வாசலில் வந்து நின்று, சோறும் படுக்க இடமும் கேட்கும் நாடோடிக்கு அங்கே அந்தப் பெயர். இந்தப் பெயரைத் தங்கள் மோட்டார் படகுக்குச் சூட்டியவர் சில்வியா என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி. அவருடைய கணவர் சார்லஸ் லைட்டோலர் என்னும் ஆங்கிலேயக் கப்பல் அதிகாரி. இருவரும் 1903இல் சிட்னி நகரில் மணம் செய்துகொண்டார்கள்.

லைட்டோலர் யார் என்று சொன்னால் வியப்பீர்கள். 1912 ஏப்ரலில் மூழ்கிய 'டைட்டானிக்' கப்பலின் இரண்டாம் அதிகாரி அவர். பெண்களையும் பிள்ளைகளையும் உயிர்காக்கும் படகுகளில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கப்பலோடு நீரில் விழுந்து, கவிழ்ந்து கிடந்த ஒரு படகின் முதுகில் நின்று விடியும்வரை உயிர் தாங்கியவர். ஏறத்தாழ 1,500 பேர் மாண்ட அந்த விபத்தில் பிழைத்த அதிகாரிகளுள் மூத்தவர் அவரே. ஆனால் அதன் பிறகு அவருடைய கம்பெனி ஒரு கப்பலைக்கூட அவர் பொறுப்பில் விடவில்லை. முதலாம் உலக யுத்தத்தில் கடற்படைக் கப்பல்களுக்குத் தலைமை தாங்கி விருது பெற்றவருக்கு இந்த நிலை! 1920களின் தொடக்கத்தில் வேலையை விட்டு வந்தார். தங்கும் விடுதி நடத்தினார், கோழி வளர்த்தார். கடல் மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

1929இல் கென்ட் பகுதியில் ஓர் ஓடையோரச் சேற்றில் கிடந்த பழைய படகு ஒன்றை வாங்கினார்கள். கடற்படைக்காக 1912இல் கட்டப்பட்ட நீராவிப் படகு அது. டைட்டானிக் மூழ்கிய அதே ஆண்டு! நீளம் ஏறக்குறைய 60 அடி. அதைப் பழுதுபார்த்து, நீராவி இயந்திரத்துக்குப் பதில் மோட்டார் பொருத்தி, படுக்கையும் அடுக்களையும் அமைத்தார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட தம்பதியருக்கு அது மிதக்கும் வீடாயிற்று. 1930களில் இங்கிலாந்துக் கரையோரமும் கால்வாயைத் தாண்டியும் துறைமுகம் துறைமுகமாகச் சென்று வந்தார்கள். நம் தோட்டங்களில் வேலை ஓய்ந்தவர், லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று தவித்த காலத்தை அறிந்த நமக்கு, வீட்டையே உடன் கொண்டு போகும் இந்த வாழ்வு ஆசையைத் தூண்டத்தான் செய்யும்.

1939 ஜூலையில் கடற்படையினர் இவர்களை நாடினர். ஜெர்மனியின் கரையை வேவு பார்த்து வர வேண்டும். விடுமுறைக்கு வந்த கிழவனையும் கிழவியையும் யார் சந்தேகிப்பார்கள்? அவருக்கு அப்போது வயது 65. இருவரும் போய்ப் பார்த்து வந்தார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரில் யுத்தம் மூண்டது. விமானப்படையில் இருந்த கடைசி மகன் பிரையன், வில்ஹெல்ம்ஸ்ஹாவன் துறைமுகத்தின் மீது நடந்த முதல் தாக்குதலிலேயே மாண்டான்.

1940 மே மாத முடிவில், பிரான்ஸின் டன்கர்க் கடற்கரையில் நேசநாட்டுப் படைகள் முற்றுகையில் சிக்கின. பெரிய கப்பல்கள் நெருங்க முடியாத ஆழமற்ற கரை. ஆகவே சிறு படகுகள் தேவைப்பட்டன. லைட்டோலரிடமும் படகைக் கேட்டார்கள். படகு போவதாயின் நானே ஓட்டிப் போவேன் என்றார். மூத்த மகன் ரோஜரும், 18 வயதுக் கடற்சாரணன் ஒருவனும் உடன் சென்றார்கள். பாய்மரங்களையும் கழற்றக்கூடிய பிற பொருள்களையும் முன்பே அகற்றிவிட்டார்கள். ஜூன் 1ஆம் தேதி காலை ராம்ஸ்கேட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார்கள்.

அதற்குமுன் அந்தப் படகில் ஏறியவர்கள் மிகுதியாகப் போனால் 21 பேர். டன்கர்க்கில் சிப்பாய்களைக் கீழ் அறைகளில் அடுக்கினார்கள். 75 பேர் ஆனபோதுதான் நெருக்கமாகிறது என்றான் ரோஜர். பிறகு மேல் தளத்தில் ஏற்றினார்கள். எவரும் நிற்கக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்பது கட்டளை. பாரம் மேலே ஏறினால் படகு கவிழும் அல்லவா?

திரும்பும் வழியில் பகைவரின் விமானங்கள் பாய்ந்து பாய்ந்து சுட்டன. அப்போது கிழவருக்குக் கைகொடுத்தவன் இறந்துபோன பிரையன். பாய்ந்து வரும் விமானி எந்தக் கணத்தில் சுடுவான், அதற்கு முன் எப்படி விலக வேண்டும் என்றெல்லாம் அவன் உயிரோடிருந்தபோது தகப்பனிடம் பேசியிருந்தான். விமானம் மிக நெருங்கும்வரை பொறுத்திருந்து, கடைசி நொடியில் சுக்கானைத் திருப்பச் சொன்னார். குண்டுகள் வேறு திசையில் போயின. தாய் சில்வியாவுக்கு இச்செய்தி எப்படி இருந்திருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இரவு ராம்ஸ்கேட்டில் வந்து சேர்ந்தபோது படகில் சுமார் 130 பேர். டன்கர்க்கிலிருந்து ஜூன் 4ஆம் தேதிக்குள் மீட்கப்பட்டோர் 3,38,000க்கும் மேல்.

1945 மார்ச்சில், யுத்தம் முடியும் தறுவாயில், ரோஜரும் பிரான்ஸில் கொல்லப்பட்டார். யுத்தத்துக்குப் பின் லைட்டோலர் லண்டனுக்கு அருகில் தேம்ஸ் கரையில் படகுப் பட்டறை நடத்தினார். நதிக் காவல் துறைக்குப் படகுகள் கட்டிக் கொடுத்தார். 1952 டிசம்பர் 8ஆம் தேதி, லண்டனைப் புகைமூட்டம் மூடியிருந்த நாட்களில், 78ஆம் வயதில் காலமானார். சன்டவுனர் பின்னாளில் ராம்ஸ்கேட் கடல்சார் அருங்காட்சியகத்தின் பொறுப்புக்கு வந்தது. அன்றிரவு சிப்பாய்களோடு வந்து சேர்ந்த அதே துறைமுகந்தான்.