சொல் யாருடைய சொத்து?

வணிகக்குறிப் பதிவு என்றதும் படிவங்களும் கட்டணமும் நீண்ட காத்திருப்பும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் வரலாற்றுக்குள் மொழியைப் பற்றிய பழைய வழக்கொன்று இருக்கிறது: ஒரு சொல்லைத் தனியொருவர் சொந்தம் கொண்டாட முடியுமா?

பிரிட்டனில் 1875இல் வணிகக்குறிப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1876 ஜனவரி 1ஆம் நாள் திறந்த பதிவேட்டில் முதல் எண்ணைப் பெற்றது, பாஸ் பியர் நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம். அதற்காக ஊழியர் ஒருவர் முந்தைய இரவு முழுவதும் அலுவலக வாசலில் காத்துக் கிடந்தார் என்று ஒரு கதை உண்டு. மானே 1882இல் வரைந்து முடித்த ஃபோலி பெர்ஜேர் மதுக்கூட ஓவியத்தில், மேசைமேல் உள்ள புட்டிகளில் அதே முக்கோணத்தைக் காணலாம்.

முக்கோணம் எளிது, சொல்தான் சிக்கல். சட்டத்துக்கு முன்பே குறியாகப் புழங்கிவந்த தனித்தன்மையுள்ள சொற்களை மட்டுமே அச்சட்டம் ஏற்றது. புதுச் சொல்லைத் தனியே பதிய வழியில்லை. 1883இல் கதவு சற்றே திறந்தது. 1888இல் ‘புனைந்த சொல்’ என்னும் வகை இடம்பெற்றது. எது புனைந்த சொல்?

ஈஸ்ட்மன் நிறுவனம் தனது ஒளிப்படத் தாளுக்கு ‘சோலியோ’ என்று பெயரிட்டு விண்ணப்பித்தது. இலத்தீனில் ‘சோல்’ என்றால் சூரியன். ஆகவே அப்பெயர் தாளின் இயல்பைச் சுட்டுகிறது என்று மறுக்கப்பட்டது. பிரபுக்கள் சபைவரை சென்ற வழக்கு 1898இல் நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. மொழியின் சொற்களஞ்சியம் அனைவருக்கும் பொது. அதிலொன்றை ஒருவர் வேலியிட்டுக்கொண்டால் மற்றவர்க்கு இழப்பு. புதுச் சொல்லைப் படைப்பவரோ யாரிடமிருந்தும் எதையும் பறிப்பதில்லை. ஹெர்ஷல் பிரபுவின் தீர்ப்புரையின் சாரம் இதுவே.

இந்தியாவில் பதிவுச் சட்டம் 1940இல்தான் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்த 1999ஆம் ஆண்டுச் சட்டம். இன்று விண்ணப்பிப்பவரும் அதே கேள்வியைத்தான் எதிர்கொள்கிறார். பொருளின் தரத்தையோ இயல்பையோ விளையும் ஊரையோ மட்டும் சொல்லும் பெயர் மறுக்கப்படும். விண்ணப்பிக்கும் முன்பே, புழக்கத்தால் அப்பெயர் ஒருவருடைய சரக்கையே குறிப்பதாகிவிட்டிருந்தால் அது விதிவிலக்கு. ஏற்கப்பட்ட குறி வணிகக்குறி இதழில் வெளியாகும். அதன்பின் நான்கு மாதங்களுக்குள் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பதிவு கிடைத்தாலும் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும்.

வணிகருக்கு அந்த நான்கு மாதம் வெறும் தாமதம். மொழிக்கோ, தன் பொதுநிலத்தில் வேலியிட வந்தவரை நிறுத்தி விசாரிக்கும் அவகாசம்.