மலைக்கும் அலைக்கும் இடையே: அலவத்துகொட வட்டாரத்தில் கையடக்கத் தொலைபேசி வளர்ந்த வழி

கண்டியிலிருந்து வடக்கே மாத்தளைக்குச் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலை, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்த பின்னர் பிங்கா ஓயாவின் பள்ளத்தாக்கை ஒட்டி அக்குறணையையும் அலவத்துகொடவையும் ஊடறுத்துச் செல்கிறது. இருபுறமும் குன்றுகள் எழும் இந்நிலப்பகுதியில் சாலையோரக் கடைவீதியில் இருப்பவருக்குக் கிடைக்கும் அலைச்சமிக்ஞை, ஒரு மேட்டைத் தாண்டிக் குடியிருப்பவருக்கு எட்டாமற்போவது புதுமையன்று. இலங்கையின் தொலைத்தொடர்பு வரலாறு பெரும்பாலும் நிறுவனங்கள் தோன்றிய ஆண்டுகளின் வரிசையாகவே எழுதப்பட்டுள்ளது. மலைநாட்டைப் பொறுத்தவரை அவ்வரலாற்றை நிலத்தின் அமைப்போடு சேர்த்து வாசித்தாலன்றி, ஒவ்வொரு தொழில்நுட்பத் தலைமுறையும் இங்கு எதைத் தீர்த்தது, எதைத் தீர்க்காமல் விட்டது என்பது விளங்காது.

கம்பிவழித் தொலைபேசிக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சோடிச் செப்புக்கம்பி தேவை. சந்தாதாரரின் இல்லத்திலிருந்து இணைப்பகம் வரை தடையின்றி நீள வேண்டிய அக்கம்பியைச் சமதரை நகரங்களில் அமைப்பதைக் காட்டிலும், வீடுகள் சரிவுகளில் சிதறிக் கிடக்கும் ஊர்களில் அமைப்பது அதிக செலவுடையது. அரச திணைக்களமாக இருந்த தொலைத்தொடர்புச் சேவை 1991இல் ஸ்ரீலங்கா ரெலிகொம் என்னும் கூட்டுத்தாபனமாக மாற்றப்பட்டபோதும், இணைப்புக்கு விண்ணப்பித்தோர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நிலை உடனே மாறிவிடவில்லை. 1996இல் சன்டெல், லங்கா பெல் ஆகிய இரு நிறுவனங்களும் வீட்டுத் தொலைபேசியையே கம்பியின்றி வானலைவழி வழங்க உரிமம் பெற்றமை, கடைசிக் கம்பியின் இடத்தை அலை நிரப்பலாம் என்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட முடிவாகும்.

நகரும் தொலைபேசி அதற்கு முன்பே நாட்டுக்குள் வந்துவிட்டது. 1989இல் செல்டெல் நிறுவனம் தொடங்கிய சேவை தெற்காசியாவின் முதலாவது செல்லிடத் தொலைபேசி வலையமைப்பாகும். செல்லிடம் என்பது ஒரு கோபுரம் தன் அலையால் மூடும் சிறு பரப்பு. நாட்டைப் பல செல்லிடங்களாகப் பிரித்து, அடுத்தடுத்த செல்லிடங்களுக்கு வெவ்வேறு அலைவரிசைகளைக் கொடுத்து, போதிய தொலைவுக்கு அப்பால் அதே அலைவரிசையை மீண்டும் பயன்படுத்துவதே இம்முறையின் அடிப்படை. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1947இலேயே முன்மொழியப்பட்ட இவ்வெண்ணம் நடைமுறைக்கு வர மூன்று தசாப்தங்கள் எடுத்தமைக்கு ஒரு காரணம், பேசுபவர் ஒரு செல்லிடத்திலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது உரையாடல் அறாமல் கைமாற்றுவதற்கு விரைந்து கணிக்கும் கணினிகள் வேண்டியிருந்ததே. கையடக்கத் தொலைபேசியின் வரலாறு தொடக்கத்திலிருந்தே கணினியின் வரலாறும்தான். ஆயினும் முதல் தலைமுறை வலையமைப்பு குரலை அப்படியே அலையில் ஏற்றியது. ஓர் உரையாடல் நடக்கும் வரை ஓர் அலைவரிசை முழுவதையும் அதுவே பிடித்துக்கொண்டது. கருவியும் கட்டணமும் சாதாரண குடும்பங்களின் கைக்கு எட்டாதவையாக இருந்தன.

1995இல் டயலொக் அறிமுகப்படுத்திய ஜி.எஸ்.எம். முறை இதை அடியோடு மாற்றியது. இம்முறையில் குரல் எண்களாக மாற்றப்படுகிறது. ஓர் அலைவரிசை எட்டு நேரத்துண்டுகளாகப் பங்கிடப்பட்டு, எட்டுப் பேர் முறைவைத்துப் பேசுகின்றனர். ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் துண்டு ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவானது என்றாலும், அது இடைவிடாது திரும்பத் திரும்ப வருவதால் செவிக்கு முறிவு தெரிவதில்லை. கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் பேருந்தில் ஒருவர் பேசிக்கொண்டே வந்தால், அவரது கருவி தன் முறை வராத இடைவெளிகளில் அயலிலுள்ள கோபுரங்களின் அலைவலிமையை அளந்து, வினாடிக்கு ஏறத்தாழ இருமுறை வலையமைப்புக்கு அறிவிக்கிறது. வளைவு ஒன்று திரும்பியதும் ஒரு கோபுரம் குன்றுக்குப் பின்னால் மறைகிறது. அந்த அளவீடுகளைக் கொண்டு வலையமைப்பு அடுத்த கோபுரத்துக்கு உரையாடலை மாற்றிவிடுகிறது. நேர்ச்சாலையில் மெதுவாகத் தேயும் அலை மலைச்சாலையில் ஒரு திருப்பத்திலேயே அற்றுவிடக்கூடியது என்பதால், இக்கைமாற்றம் இங்கு மிகக் குறுகிய அவகாசத்தில் நிகழ வேண்டியுள்ளது.

மறைப்பது மட்டுமன்று, மலை எதிரொலிக்கவும் செய்யும். கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையோடு, எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பும் அலையும் கருவியை வந்தடைகிறது. பிந்தியது சற்றுத் தாமதமாக வருகிறது. ஜி.எஸ்.எம். முறையில் ஒரு துணுக்கு, அதாவது பூச்சியம் அல்லது ஒன்று என்னும் ஒற்றைத் தகவல், நீடிக்கும் நேரத்தில் அலை ஏறத்தாழ 1.1 கிலோமீற்றர் செல்கிறது. ஆகவே எதிரொலி அவ்வளவு தூரம் சுற்றி வந்தால் ஒரு துணுக்கு அடுத்த துணுக்கின்மேல் விழுந்து இரண்டையும் குழப்பிவிடும். இதை ஐரோப்பியப் பொறியியலாளர்கள் முன்கூட்டியே கருத்திற் கொண்டிருந்தனர். ஜி.எஸ்.எம். கருவிகளைச் சோதிக்க அவர்கள் வகுத்த நிலமாதிரிகளில் கிராமம், நகரம் ஆகியவற்றுடன் மலைப்பாங்கான நிலமும் தனி வகையாக இடம்பெற்றுள்ளது. ஒவ்வொரு நேரத்துண்டின் நடுவிலும் இருபுறத்துக்கும் முன்பே தெரிந்த 26 துணுக்குகள் வைக்கப்படுகின்றன. அவை எவ்வாறு சிதைந்து வந்துள்ளன என்பதைப் பார்த்துக் கருவி எதிரொலியின் வடிவத்தைக் கணித்து, மற்றத் துணுக்குகளிலிருந்து அதை நீக்குகிறது. சட்டைப்பையில் கிடக்கும் ஒரு சிறு சில்லு, தன்னைச் சூழ்ந்த மலைகளை இவ்வாறு வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை கணித்துப் பார்க்கிறது என்பது இத்தொழில்நுட்பத்தின் மிக அழகிய கூறு. பயனர் கையேடுகள் எதிலும் இது இடம்பெறுவதில்லை.

அடுத்த தலைமுறைகள் அதே சிக்கலை வேறுவிதமாக அணுகின. டயலொக் 2006இல் தொடங்கிய 3ஜி சேவை தெற்காசியாவில் முதலாவது. அதில் எதிரொலி பகையாகக் கருதப்படாமல், வெவ்வேறு தாமதத்தில் வரும் பிரதிகள் தனித்தனியே பொறுக்கி எடுக்கப்பட்டு ஒன்றாகக் கூட்டப்படுகின்றன. 2013இல் வந்த 4ஜி, தகவலை நூற்றுக்கணக்கான மெல்லிய அலைவரிசைகளில் பரப்பி, ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன்னால் ஒரு பாதுகாப்பு இடைவெளியை விடுகிறது. வழமையான அமைப்பில் ஏறத்தாழ 1.4 கிலோமீற்றர் சுற்றி வரும் எதிரொலி அவ்விடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடும். எதிரொலிக்குத் தீர்வு கிடைத்த அளவுக்கு மறைப்புக்குக் கிடைக்கவில்லை. அலையின் அதிர்வெண் உயர உயர மேட்டை வளைந்து தாண்டும் திறன் குறைவதால், 900 மெகாஹேர்ட்ஸில் தொடங்கிய சேவை உயர்ந்த அலைவரிசைகளுக்கு நகர்ந்தபோது, குரல் கேட்டும் இணையம் கிடைக்காத இடங்கள் உருவாயின.

தொழில்நுட்பம் அளித்த வாய்ப்பைக் கட்டணமுறை ஒருபுறம் கட்டிவைத்தது. தொடக்க ஆண்டுகளில் அழைப்பைப் பெறுபவரும் பணம் செலுத்த வேண்டியிருந்தது. சாலையோரக் ‘கொமியூனிகேஷன்’ கடைகளின் ஐ.டி.டி. என்னும் நேரடி வெளிநாட்டு அழைப்புகளும், எடுக்காமலே செய்தி சொல்லும் ‘மிஸ்ட் கோல்’ வழக்கமும் இத்தகைய கட்டணச்சுமையின் விளைவுகள். முற்கொடுப்பனவு முறையும் சிறு தொகைக்கான ‘ரீலோட்’டும் பரவிய பின்னரே மத்திய கிழக்கில் உழைப்போரின் குடும்பங்களும் தோட்டத் தொழிலாளரும் தமக்கென ஓர் எண்ணை வைத்திருக்க இயன்றது.

கணினி மலைநாட்டுக்கு வேறொரு பாதையில் வந்தது. 1990களின் தொடக்கத்தில் கொழும்பு, மொறட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோர் உருவாக்கிய ‘லேர்ண்’ கல்வி வலையமைப்பு நாட்டின் இணைய வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று; அதன் அலுவலகம் இன்று பேராதனையிலேயே இயங்குகிறது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையுடன் கொத்மலை சமூக வானொலி நடத்திய முயற்சி இதைவிடத் துணிவானது. நேயர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு ஒலிபரப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, அதை உள்ளூர் மொழியில் வானொலியில் விளக்கினர். கம்பளை, நாவலப்பிட்டி பொது நூலகங்களிலும் இணைய வசதி ஏற்படுத்தப்பட்டது. கணினி இல்லாதவருக்கும் ஆங்கிலம் அறியாதவருக்கும் இணையத்தின் பயன் சேரலாம் என்று காட்டிய அம்முயற்சி உரிய மதிப்பை இன்னும் பெறவில்லை. 2003இன் சட்டத்தின்கீழ் அமைந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் ‘நெனசல’ என்னும் அறிவகங்களை நாடெங்கும் திறந்தது. ஆனால் 1971இல் இன்டெல் வெளியிட்ட 4004 செயலியில் ஏறத்தாழ 2,300 ஆக இருந்த திரான்சிஸ்டர்கள் அரை நூற்றாண்டுக்குள் ஒரு தொலைபேசிச் சில்லில் ஆயிரம் கோடியைக் கடந்தபோது, கணினியைத் தேடி நிலையத்துக்குச் செல்லும் தேவையே பெரிதும் குறைந்தது.

தமிழ் இக்கருவிகளுக்குள் நுழைந்தமை தாமதமாகவே நிகழ்ந்தது. இலங்கையில் நீண்டகாலம் வழங்கிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய ஏற்பாடு. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். 1991இல் வெளியான யூனிகோட் ஒவ்வொரு எழுத்துக்கும் உலகப் பொதுவான எண்ணை வழங்கியது. கண்ணுக்கு ஏழு எழுத்தாகத் தெரியும் ‘அலவத்துகொட’, மெய்ப்புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனி எண் பெறுவதால், யூனிகோட்டில் பத்து எண்களாகச் சேமிக்கப்படுகிறது. குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கிலத்தில் 160 எழுத்துகளுக்கு இடமளிக்கும் அது, தமிழில் 70 குறிகளோடு நிறைந்துவிடுகிறது. ஒரே கட்டணத்தில் தமிழர் பாதிக்கும் குறைவாகவே எழுத முடிந்த நிலையில், அவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சிட்டதை மொழிப்பற்றின் குறைவாகக் கொள்வது அநீதி. இலங்கைத் தர நிறுவனத்தின் 1326 இலக்கத் தமிழ் நியமம் 2008இல் வந்தது. திறன்பேசிகள் பெருகிய பின்னரே அன்றாடப் பயன்பாட்டில் தமிழ் எழுத்து நிலைபெற்றது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையவழிக்கு மாறியபோது மலையின் தடை மீண்டும் நாட்டின் பேசுபொருளானது. அலையைத் தேடி மாணவர்கள் குன்றுகளிலும் மரங்களிலும் ஏறிய செய்திகள் ஊவா உள்ளிட்ட மலைப்பகுதிகளிலிருந்து வந்தன. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு ‘கமட்ட சன்னிவேதனய’ திட்டத்தின் மூலம் பின்தங்கிய கிராமங்களுக்குக் கோபுரங்களை விரிவுபடுத்த முற்பட்டது. பொருளாதார நெருக்கடியின் நடுவே 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, கோபுரங்களின் மின்கலங்கள் தீர்ந்து அலையும் அற்றது. மலை மறைக்காத இடங்களையும் மின்சாரத் தட்டுப்பாடு மறைத்தது. அதே ஆண்டு யூலையில் எரிபொருளை வாராந்தம் பங்கிடும் கியூ.ஆர். குறியீடு நடைமுறைக்கு வந்தபோது, முச்சக்கரவண்டிச் சாரதிகள் பலர் அதைத் தாளில் அச்சிட்டு எடுத்துச் சென்றனர். சாரதியின் கையில் தாள் போதுமாயிருந்தாலும், எரிபொருள் நிலையத்தில் அதைப் படித்து வாராந்தப் பங்கின் மீதியைச் சரிபார்க்கும் தொலைபேசிக்கு இணைய இணைப்பு இருந்தே ஆகவேண்டியிருந்தது. அலை எட்டாத சரிவில் அமைந்த நிலையத்துக்கு அவ்விணைப்பைத் தரக்கூடியது இன்னுமொரு கோபுரமோ, கம்பியின் இடத்தில் இப்போது வந்துகொண்டிருக்கும் ஒளியிழையோதான்.