மணவிலக்கு ஏடுகளைத் தேடி



முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற நம் கரையில் முத்தைப் பற்றிய ஏடுகளுக்குக் குறைவில்லை. 1658ஆம் ஆண்டு டச்சுக்காரர் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். யார் ஆண்டபோதும் சலாபம் நடந்த ஆண்டுகளில் எத்தனை தோணிகள் இறங்கின, எவ்வளவு சிப்பி கரை சேர்ந்தது, அது என்ன விலைக்கு ஏலம் போயிற்று என்பனவற்றை எழுதி வைத்தனர். 1955 முதல் 1961 வரை நம் அரசு நடத்திய சலாபங்களுக்கும் கணக்கு உண்டு. ஆனால் அந்தத் தோணிகளில் சென்றவர்களின் வீடுகளில் எத்தனை இல்லறங்கள் இடையில் முறிந்தன என்று கேட்டால் விடை எளிதில் கிடைப்பதில்லை. சிப்பியை எண்ணிய கைகள் இல்லறத்தை எண்ணவில்லை.

இக்கேள்வியை நான் வரலாற்று ஆர்வத்தால் எழுப்பவில்லை. நான் ஓய்வு பெற்ற பின்னர், என்னிடம் பயின்ற மாணவர் ஒருவரின் தாயார் என் வீடு தேடி வந்தார். வயது எழுபதுக்கு மேல். கிறிஸ்தவக் குடும்பத்தினர். கணவர் அரசு ஊழியர். எழுபதுகளின் நடுவில் மனைவியையும் குழந்தையையும் விட்டுப் பிரிந்து, வேறொரு பெண்ணுடன் வாழ்ந்து, அண்மையில் காலமாகியிருந்தார். குடும்ப ஓய்வூதியத்திற்கு இருவரும் மனுச் செய்தனர். முதல் மனைவிக்கு அன்றே மணவிலக்கு ஆகிவிட்டது என்பது மறுதரப்பின் கூற்று. ஊர்ப் பெரியவர் ஐவர் கையொப்பமிட்ட முறி ஒன்றையும் காட்டினர். அலுவலகமோ, நீதிமன்றத் தீர்ப்பு உண்டா, இல்லையா என்பதற்குச் சான்று கேட்டது.

அவர் என்னிடம் சொன்னது இவ்வளவே: “சார்வாள், நான் அவுக தாலி கட்டின பெண்டாட்டிதானா, இல்லையா? அதை ஒரு காயிதத்திலே காட்டித் தந்தால் போதும்.”

நாற்பதாண்டு தனித்து வாழ்ந்த ஒருவரின் வாழ்வு ஒரு தாளில் நின்றது. அந்தத் தாள் எங்கே இருக்கும்? அதைத் தேடியபோது நான் கற்ற பாடத்தையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இத்தேடலில் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: தம்பதியர் எந்தச் சமயத்தினர்? பிரிவு எந்த ஆண்டில் நிகழ்ந்தது? அப்போது அவர்கள் எந்த ஊரில் வாழ்ந்தனர்? நம் நாட்டில் மணச் சட்டம் சமயத்தைப் பொறுத்தது. சட்டம் ஆண்டைப் பொறுத்தது. நீதிமன்றம் ஊரைப் பொறுத்தது. இம்மூன்றையும் அறியாமல் ஏடு தேடுவது, பார் எங்குள்ளது என்றறியாமல் கடலில் மூழ்குவதை ஒக்கும்.

முதலில் சமயத்தைக் காண்போம். பதினாறாம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்க சமயம் தழுவிய பரதவ மக்கள் நிறைந்த கரை இது. கத்தோலிக்கத் திருச்சபை மணவிலக்கை ஏற்பதில்லை. ஆயினும், தொடக்கத்திலேயே குறை இருந்த திருமணத்தைச் செல்லாதது என்று அறிவிக்கும் திருச்சபை நடுவர் மன்றம் உண்டு. 1563ஆம் ஆண்டு திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கம், பங்குக் குருமார் திருமணப் பதிவேடு வைக்க வேண்டுமென்று பணித்தது. இக்காலத் திருச்சபைச் சட்டப்படி, ஒருவர் திருமணம் செய்துகொண்டால் அச்செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் ஏட்டிலும் குறிக்க வேண்டும். திருமணம் செல்லாது என்று தீர்ப்பானால் அதையும் குறிக்க வேண்டும். ஆகவே குழந்தைப் பருவத்துப் பதிவின் ஓரத்தில் எழுதப்பட்ட இரண்டு வரிகளில் ஒரு மணவாழ்வின் முடிவு அடங்கியிருத்தல் கூடும்.

எனினும் ஒன்றை மறக்கலாகாது. திருச்சபையின் தீர்ப்பு சமயத்தளவில் மட்டுமே செல்லும். நாட்டுச் சட்டத்தின் முன் அது மணத்தை முறிக்காது என்று உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் உறுதியாகக் கூறிவிட்டது.

நாட்டுச் சட்டம் எது? கிறிஸ்தவர்க்கு 1869ஆம் ஆண்டின் இந்திய மணவிலக்குச் சட்டம். அது பெண்ணுக்குக் கடினமான சட்டம். மனைவி பிறழ்ந்தாள் என்று மெய்ப்பித்தால் கணவனுக்கு விலக்குக் கிடைக்கும். மனைவியோ, கணவன் பிறழ்ந்தான் என்று மட்டும் காட்டினால் பெரும்பாலும் போதாது. கொடுமை செய்தான் அல்லது ஈராண்டு கைவிட்டான் என்பது போன்ற இன்னொரு குற்றத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு நீங்கியது 2001ஆம் ஆண்டில்தான். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் பல பெண்கள் மணவிலக்குக் கேட்டு நீதிமன்றப் படி ஏறாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அதே சட்டத்தில் ஏடு தேடுவோர்க்கு உதவும் விதி ஒன்றும் இருந்தது. மாவட்ட நீதிபதி மணத்தைக் கலைத்துத் தீர்ப்பளித்தாலும், உயர் நீதிமன்றம் அதை உறுதிப்படுத்த வேண்டும். மூன்று நீதிபதிகள் கூடி அதனை ஆராய்வர். 2001ஆம் ஆண்டுத் திருத்தம் வரை இந்நிலை நீடித்தது. எனவே, இக்கரையைச் சேர்ந்த கிறிஸ்தவத் தம்பதியர் மாவட்ட நீதிமன்றத்தில் மணவிலக்குப் பெற்றிருந்தால், அதன் சுவடு சென்னையிலும் இருந்தாக வேண்டும்.

இந்துக்களின் நிலை வேறு. சாத்திரம் மணவிலக்கை ஏற்கவில்லை என்பர். ஆனால் பல குலங்களில் தீர்த்துவிடுவதும், மறுமணம் செய்வதும் வழக்கமாக இருந்தன. ஊர்ப் பெரியவர் முன் தாலியைத் திருப்பித் தந்து, கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொண்டால் பிரிவு நிறைவுறும். அதற்கு ஏடு இல்லை. ஊரின் நினைவே ஏடு. 1949ஆம் ஆண்டு சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்கை அனுமதிக்கும் சட்டம் இயற்றியது. 1955இல் நாடு முழுமைக்குமான இந்துத் திருமணச் சட்டம் வந்தது. அச்சட்டமும் குலவழக்கப்படியான விலக்கை ஒழிக்கவில்லை. வழக்கத்தை மெய்ப்பித்தால் அது செல்லும். ஆகவே 1949க்கு முற்பட்ட இந்து மணவிலக்கு வழக்கை நீதிமன்றத்தில் தேடுவோர் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவர்.

ஆனால் அத்தகைய பிரிவுகள் சில சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமாகப் பதிவாகியிருக்கும். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, நிலம், வீடு தொடர்பான பத்திரங்கள் முதல் புத்தகத்தில் இடம்பெறும். கட்டணம் செலுத்தி எவரும் அதைப் பார்க்கலாம். சொத்துத் தொடர்பற்ற பத்திரங்கள் நான்காம் புத்தகத்தில் சேரும். அதன் நகல் சம்பந்தப்பட்டவர்க்கே கிடைக்கும். எனவே மனைவியின் ஜீவனாம்சத்துக்காக ஒரு காணி நிலத்தை ஒதுக்கியிருந்தால், அந்நிலத்தின் வில்லங்கச் சான்றே குடும்பத்தின் கதையைக் கூறிவிடும்.

காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம் போன்ற ஊர்களின் முஸ்லிம்களிடையே மணமும் பிரிவும் ஜமாஅத்தின் பார்வையில் நடந்தன. திருமணப் பதிவேடு பள்ளிவாசலிலோ காஜியிடமோ இருக்கும். 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் முதலில் நம் சென்னை மாகாணத்துக்கென்றே நடைமுறைக்கு வந்தது. மனைவி தானே நீதிமன்றம் சென்று மணத்தைக் கலைக்கக் கேட்கும் உரிமையை 1939ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. அவ்வாறு தொடுத்த வழக்குகளை நீதிமன்றப் பதிவறையில் தேட வேண்டும்.

இனி ஊரைக் காண்போம். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள். அதற்கு முன் இது திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதி. எனவே அதற்கு முற்பட்ட வழக்கின் ஏட்டுக்குத் தூத்துக்குடியில் மட்டும் தேடினால் போதாது. நெல்லைக்கும் செல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கிய பின், நம் மாவட்ட மேல்முறையீடுகள் அங்கே செல்கின்றன. அதற்கு முன் எல்லாம் சென்னைக்கே சென்றன.

நம் கரைக்குரிய இன்னொரு திசையும் உண்டு. 1914க்கு முன் சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் தூத்துக்குடி வரை இரயிலில் வந்து, இங்கிருந்தே கொழும்புக்குக் கப்பலேறினர். வாணிகத்துக்கும் வேலைக்கும் கொழும்பு சென்று அங்கேயே தங்கியவர் பலர். அவர்களுள் சிலர் அங்கே மற்றொரு குடும்பம் அமைத்தனர். அத்தகையோரின் வழக்கு கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் நடந்திருக்கலாம். உரோம–டச்சுச் சட்டத்தின் சாயல் படிந்த அங்குள்ள 1907ஆம் ஆண்டு மணப் பதிவுச் சட்டம், பிறழ்தல், தீய நோக்குடன் கைவிடுதல் ஆகியவற்றை மணவிலக்குக்குரிய காரணங்களாக ஏற்கிறது.

இவை எல்லாவற்றையும்விட வளமான ஏடு ஒன்று உண்டு. அதன் மேல் மணவிலக்கு என்ற பெயர் இராது. பிரிந்த மனைவி பெரும்பாலும் விலக்குக் கேட்பதில்லை, சோறு கேட்கிறாள். குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் ஜீவனாம்ச மனுச் செய்கிறாள். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவும், 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125ஆம் பிரிவும் இதற்குரியவை. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவு. செலவு குறைந்த வழி; எல்லாச் சமயத்தாரும் செல்லக்கூடிய வழி. அந்த உத்தரவில் இன்னார் இன்னாரின் மனைவி என்பது எழுதப்பட்டிருக்கும்.

ஆனால் எல்லாக் கட்டுகளும் என்றும் இருப்பதில்லை. 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளின்படி, தவணை கடந்த கட்டுகள் அழிக்கப்படும். தேடுவோர் வழக்கு எண்ணையும் ஆண்டையும் முதலில் பதிவேட்டிலிருந்து அறிந்து, பின்பு நகல் மனுப் போட வேண்டும்.

என் தொழிலுக்குரிய ஏடு ஒன்றையும் கூறாமல் இருக்க இயலாது. அது பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. தந்தை உயிரோடிருக்க, பாதுகாவலர் என்ற பத்தியில் தாய்வழிப் பாட்டனாரின் பெயரும், இருப்பிடமாக அவர் வீடும் எழுதப்பட்டிருந்தால், அதன் பொருள் என்ன? எத்தனையோ முறை அவ்வாறு நானே எழுதியிருக்கிறேன். எழுதும்போது அது ஓர் ஏடு என்று எண்ணியதில்லை.

அந்த அம்மையாரின் காரியத்துக்கு வருவோம். நெல்லையிலும் சென்னையிலும் தேடுமாறு மனுச் செய்தோம். ஓரிடத்தில் எங்களை ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு அனுப்பியே மூன்று மாதம் கழித்தனர். இறுதியில் கிடைத்த விடை இதுவே: குறித்த ஆண்டுகளில் அப்பெயர்களில் மணவிலக்கு மனு எதுவும் பதிவாகவில்லை. அம்மையார் முகம் வாடியது. நானோ மகிழ்ந்தேன். ஏனெனில் அந்த இன்மையே நாங்கள் தேடிய சான்று! கிறிஸ்தவத் திருமணத்தை ஊர்ப் பஞ்சாயத்து முறி கலைக்க இயலாது. தீர்ப்பு இல்லையேல் விலக்கும் இல்லை.

பின்னர் அவர் தம் தகரப் பெட்டியைத் திறந்தார். கல்யாணச் சேலையின் அடியில், மடிப்பில் கிழிந்த ஜீவனாம்ச உத்தரவின் நகல் இருந்தது. நீதிமன்றக் கட்டு அழிந்துவிட்டது. பதிவேட்டில் இருந்த ஒரு வரியோ அந்நகலின் எண்ணோடு ஒத்திருந்தது. பையனின் சேர்க்கைப் பதிவேட்டு நகலையும் இணைத்தோம். அலுவலகம் அவரை மனைவியென ஏற்றது.

மறுதரப்புப் பெண்மணியையும் நான் கண்டேன். அவரும் அந்த முறியை உண்மையான மணவிலக்கு என்றே நம்பி முப்பதாண்டு வாழ்ந்தவர். முதுமையில் அவர் கை வெறுமையாயிற்று. ஓர் ஏடு ஒருவருக்கு நீதி தரும்போது மற்றொருவருக்குத் துயரும் தரக்கூடும் என்பதை அன்று உணர்ந்தேன். அம்முறியை எழுதிய நாளில் அதன் வலுவின்மையை எவரேனும் அவரிடம் எடுத்துரைத்திருந்தால்!

ஆதலின் நேயர்களுக்கு இரண்டு சொற்கள். இந்த ஏடுகள் வேடிக்கை பார்ப்பதற்குரியன அல்ல. இந்துத் திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இவ்வழக்குகளை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது. அச்சிட்டு வெளியிடுவதையும் தடுக்கிறது. வழக்கில் சேராத ஒருவர் நகல் கேட்டால் காரணம் காட்டி நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். அது முறையே. உரிமைக்காகத் தேடுங்கள், ஊர்வாய்க்காகத் தேடாதீர்கள்.

இரண்டாவது, உங்கள் வீட்டில் இத்தகைய தாள் ஏதேனும் இருந்தால், தீர்ப்பானாலும் உத்தரவானாலும், அதன் வழக்கு எண்ணையும் ஆண்டையும் நீதிமன்றத்தின் பெயரையும் தனியே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மனம் மறக்க விரும்பும் தாள்தான் அது. ஆனால் நாற்பதாண்டு கழித்து, ஒரு மூதாட்டியின் அடுப்பு எரிவதும் எரியாததும் அந்த எண்ணைப் பொறுத்ததாக இருக்கலாம்.