கிருகலட்சுமித் திட்டம்

குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் வழங்கும் கர்நாடக அரசுத் திட்டம். முதலமைச்சர் சித்தராமையாவின் ஆட்சியில், 2023 ஆகஸ்ட் 30 அன்று மைசூருவில் தொடங்கப்பட்டது. ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவியாகப் பதிவான பெண்ணின் வங்கிக் கணக்குக்கே பணம் செல்கிறது. அவரோ கணவரோ வருமான வரி செலுத்தினால் உதவி இல்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் பயன்பெறுகின்றனர்.

வீட்டு வேலைக்குக் கூலியே காணாத பெண்ணின் பெயரில் மாத வருமானம் வருவது இதன் பெரும்பயன். மளிகைக்கும் மருந்துக்கும் பிறரிடம் கைநீட்டும் நிலை குறைகிறது. ஆயினும் ஓர் அட்டைக்கு ஒருவரே தலைவி: கூட்டுக் குடும்பத்தில் மாமியாரின் பெயர் இருந்தால் மருமகளுக்குத் தொகை கிடைக்காது. வீட்டு வேலையின் சுமையையும் இது ஆணுக்குப் பகிர்ந்தளிப்பதில்லை. சமத்துவத்துக்கு வேலைவாய்ப்பும் சொத்துரிமையும் உடன்வர வேண்டும். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை (மாதம் 1,000 ரூபாய்) இதையொத்த திட்டம்.