உயர்கல்வி நிதி: யாரிடம் கேட்பது?

கட்டண உயர்வைக் கண்டித்துக் கல்லூரி வாயிலில் மாணவர்கள் முழக்கமிடுவது நமக்குப் புதிதன்று. தம் கையில் ஏதுமில்லை என்று கல்லூரி முதல்வர் பதிலளிப்பதும் புதிதன்று. பல நேரங்களில் அவர் கூறுவது உண்மையே. அரசு உதவிபெறும் கல்லூரியொன்றில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்கிற முறையில் மாணவர் பிரதிநிதிகளுக்கு நான் கூற விரும்புவது இதுதான்: கோரிக்கை மனுவை எழுதும் முன், அந்தச் செலவை ஏற்க வேண்டியவர் யார் என்பதைக் கண்டறியுங்கள்.

1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசமைப்புத் திருத்தம் கல்வியைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. அதிகாரம் பங்கிடப்பட்ட அளவுக்குச் செலவு பங்கிடப்படவில்லை என்பது என் கருத்து. ஐஐடிகள், மத்தியப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் செலவை மத்திய அரசு ஏற்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களும் அரசுக் கல்லூரிகளும் பெரிதும் மாநில அரசின் நிதிநிலை அறிக்கையையே நம்பியுள்ளன. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 12பி பிரிவின்கீழ் தகுதி பெற்றிராத நிறுவனத்துக்கு அக்குழுவின் மானியம் கிடைக்காது. 2013-இல் தொடங்கப்பட்டு, தற்போது பிஎம்-உஷா எனப்படும் ரூசா திட்டத்திலும் தமிழகம் 40 சதவீதத்தைத் தானே ஏற்க வேண்டும்.

மாணவர்களை அதிகம் குழப்புவது உதவிபெறும் கல்லூரிதான். வளாகம் ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, பட்டமும் ஒன்று. கணக்குகள் மட்டும் இரண்டு. உதவிபெறும் பிரிவில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கான ஊதியத்தை அரசு வழங்குகிறது. எனவே, அங்கு கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் ஆசிரியர் ஊதியம் முதல் ஆய்வகப் பொருள்கள் வரை எல்லாம் மாணவர் செலுத்தும் கட்டணத்திலிருந்தே வர வேண்டும். ஓர் ஆசிரியர் ஓய்வுபெற்று, அப்பணியிடம் நிரப்பப்படாமல் போனால், நிர்வாகம் குறைந்த ஊதியத்தில் ஒருவரை அமர்த்துகிறது. அந்த ஊதியமும் ஏதோ ஒரு வகையில் கட்டணமாக மாணவர் தலையில்தான் விடிகிறது. ஆகவே, கட்டணத்தைக் குறைக்கக் கோருவோர் காலிப் பணியிடங்களின் எண்ணிக்கையையும் கேட்க வேண்டும். அக்கேள்விக்குப் பதிலளிக்க வேண்டியவை உயர்கல்வித் துறையும் கல்லூரி நிர்வாகமும் ஆகும். அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் கல்லூரிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உள்பட்டவை என 2019-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை மாணவர் அமைப்புகள் போதிய அளவில் பயன்படுத்தவில்லை என்பேன்.

தனியார் பொறியியல், மருத்துவக் கல்லூரிகளின் நிலை வேறு. 2003-இல் உச்சநீதிமன்றம் அளித்த இஸ்லாமிக் அகாதெமி வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு கட்டணத்தை நிர்ணயிக்கிறது. நிர்ணயித்ததற்கு மேல் வசூலித்தால், 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நன்கொடை வசூல் தடைச் சட்டம் துணைநிற்கும். ரசீது மட்டும் கைவசம் இருக்க வேண்டும். பெற்றோர் பலர் அதைக் கேட்கவே தயங்குகின்றனர்.

உதவித்தொகைதான் ஏழை மாணவரின் படிப்பையே தீர்மானிக்கிறது. ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்கு மிகாத பட்டியலினக் குடும்பங்களின் மாணவர்களுக்கான மேல்நிலைக் கல்வி உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகே மத்திய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும். தொகை தாமதமானால் கல்லூரி அலுவலகத்தில் காத்திருப்பதில் பயனில்லை. மாநிலத்தின் 40 சதவீதம் விடுவிக்கப்பட்டதா, வங்கிக் கணக்குடன் ஆதார் இணைக்கப்பட்டுள்ளதா என்னும் இரண்டையும் முதலில் உறுதி செய்ய வேண்டும். இதற்கிடையே கல்லூரி கட்டணம் கேட்டு நெருக்கினால், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் எழுத்துபூர்வமாக முறையிடலாம்.

தமிழக நிதிநிலை அறிக்கையில் உயர்கல்வித் துறைக்கான மானியக் கோரிக்கை எண் 20. அதனுடன் பேரவையில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கிறது. மானியக் கோரிக்கை மீதான விவாதத்துக்கு முன்பே மாணவர்களின் மனு தொகுதி உறுப்பினரைச் சென்றடைய வேண்டும். கோரிக்கை நிறைவேறிய பிறகு எழும் குரலுக்கு அந்த ஆண்டில் எஞ்சியிருப்பது துணை மதிப்பீடுகள் மட்டுமே.